பட்டறைப் பதில்கள்: உப்புச் சாலையும் கார் துருவும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துருவைப் பற்றியவை. அதிலும் சில, பனி கொட்டும் ஊர்களில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எழுதியவை. செட்டிநாட்டில் இது புதிதில்லை. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்கப் போன ஊர்கள் இவை. இப்போது பிள்ளைகள் டொராண்டோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போகிறார்கள். என் மகள் டொராண்டோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் இருக்கிறாள். ஒரு குளிர்காலம் முழுக்க அவளோடு தங்கியிருந்தேன். வீட்டில் உட்காரப் பிடிக்காமல், பக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போய்விடுவேன். லிஃப்டில் ஏற்றிய கார்களை அடியில் நின்று பார்த்துக் கற்றதும், காரைக்குடியில் டிங்கரிங் பார்த்துக் கற்றதும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: என் மகன் டொராண்டோவில் போன வருஷம்தான் புதுக் கரோலா வாங்கினான். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்களாம், புதுக் கார் துருப்பிடித்துவிடுமாம். அதனால் அந்த மாதங்களுக்கு மட்டும் இரண்டாயிரம் டாலருக்கு ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன் என்கிறான். நல்ல கார் சும்மா நிற்க, பிள்ளை ஓட்டைக் காரில் போவதா?

ஆச்சி, உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் தம்பியின் பயமும் வீண் பயம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே சாலையில் தண்ணீர் உறைந்து கண்ணாடி போல ஆகிவிடும். உப்புக் கலந்த தண்ணீர் சுழியத்தில் உறையாது. இன்னும் கீழே போனால்தான் உறையும். நூற்றுக்கு இருபத்து மூன்று பங்கு உப்புக் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை தாங்கும். சாலையில் அந்த அளவுக்குக் கலவை நிற்காது என்பதால், மைனஸ் 10ஐ ஒட்டியே சாதா உப்பின் வேலை முடிந்துவிடும். அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு என்று வேறு உப்புகள். சில ஊர்களில் சர்க்கரை தயாரிக்கும் பீட் கிழங்கின் சாற்றைக் கூடச் சேர்க்கிறார்கள். கனடா முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது லட்சம் டன் உப்பு சாலைக்குப் போகிறது. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் கோட்ரிச் என்ற ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் அரை கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உப்பை வெட்டி எடுக்கிறார்கள். உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான்.

அந்த உப்புத் தண்ணீர் சக்கரம் சுழலும் வேகத்தில் காரின் அடியில் எல்லா இடுக்கிலும் போய் அடிக்கும். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தாலே துரு வரும். அது உள்ளுக்குள் நடக்கிற ஒரு சின்ன மின்சார வேலை. உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும், அதனால்தான் துருவும் வேகம் பிடிக்கிறது. கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரோடு காய்ந்த பிறகும் காரின் அடி காயாது.

இனி உங்கள் கேள்வி. புதுக் கரோலாவின் தகடு துத்தநாகப் பூச்சு ஏறியது. பாடி முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி எடுத்துத்தான் மேலே பெயிண்ட் அடிக்கிறார்கள். அதற்கு மேல் தம்பி செய்ய வேண்டியது ஒன்றுதான். வருஷா வருஷம் ஐப்பசி வாக்கில், முதல் உப்பு விழுவதற்கு முன், அடியிலும் கதவுகளுக்குள்ளும் சில் பெட்டிக்குள்ளும் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிட வேண்டும். சில் என்றால் கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டி. எண்ணெய் ஓரிரு நாள் சொட்டும், வாசலில் கறை விழும் என்று அலுத்துக்கொள்வார்கள். சொட்டுகிறது என்றால் இடுக்கு வரை போயிருக்கிறது என்று அர்த்தம். சிறிய காருக்கு 150 டாலருக்கு முன்பின் ஆகும். ரப்பர் மாதிரி தடியாகப் பூசும் கோட்டிங்கைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். தடிப் பூச்சில் ஒரு கல் பட்டு விரிசல் விட்டால், உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வராது. மேலே கறுப்பாகப் பளபளக்கும், அடியில் தகடு கரைந்துகொண்டிருக்கும்.

பழைய கார் வாங்கினால் என்ன ஆகும் என்று தம்பியை ஒரு தாளில் கணக்குப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது இன்சூரன்ஸ், இரண்டாவது பார்க்கிங், அதற்கும் நான்கு பனி டயர், எந்த நேரத்தில் நிற்குமோ என்ற கவலை. இத்தனை செலவும் ஒரு சாதாரணக் காரின் அடித்தகட்டைக் காப்பாற்றவா? நல்ல பிரேக்கும் ஏர் பேக்கும் வண்டி சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்க உதவும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் உள்ள காரை ஷெட்டில் வைத்துவிட்டு, அவை இல்லாத காரை எடுத்துக்கொண்டு வழுக்கும் சாலையில் போவது தலைகீழான காரியம். கார் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. பிள்ளை காரைக் காப்பாற்ற இல்லை.

அந்தப் பணத்தில் முதலில் நான்கு பனி டயர் வாங்கட்டும். 7 டிகிரிக்குக் கீழே சாதா டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். பனி டயரின் ரப்பர் இளக்கமாகவே இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் நட்சத்திரம் மாதிரி ஒரு பனிச்செதிலும் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு மட்டும் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். முன்னால் பிடித்து, பின்னால் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். ஒண்டாரியோவில் பனி டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. உப்போடு வந்த காரைச் சூடான கராஜுக்குள் விடுவது நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். துருவுக்கு அதுதான் பிடித்தமான இடம். வெளியே மைனஸ் பத்தில் எல்லாம் உறைந்து துரு மெதுவாகத்தான் நகரும். உள்ளே வந்ததும் பனி உருகும், சூடும் சேரும், இரவெல்லாம் அது வேலை செய்யும். கராஜில் விடுவதானால் வழியிலேயே அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு விடட்டும். வெளியே வெப்பநிலை சுழியத்துக்கு மேலே ஏறுகிற நாளாகப் பார்த்துக் கழுவினால் கதவு ரப்பர் உறைந்து ஒட்டாது. எந்த நாள் தப்பினாலும், பங்குனியில் பனி முடிந்ததும் ஒரு முழு அடி வாஷ் தப்பவே கூடாது.

காரைக்குடியிலிருந்து ஒரு மாணவர்: வருகிற ஆகஸ்டில் டெட்ராய்ட்டுக்கு மேல்படிப்புக்குப் போகிறேன். புதுக் கார் வாங்க வசதி இல்லை. குளிர்காலத்துக்குத் தாங்குகிற பழைய கார் ஒன்று வாங்கத்தான் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, உன் நிலைமை வேறு. உனக்குப் பழைய கார்தான் வழி, அதனால் சரியாகப் பார்த்து வாங்கு. நீ போகிற ஊருக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் ஓடுகிறது. அந்த வட்டாரத்துக் கார் எல்லாம் உப்பில் குளித்த கார்தான். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் நம்முடைய எஃப்.சி. மாதிரி அவ்வப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிச் சான்று வாங்கும் முறையும் கிடையாது. அடித்தகடு இல்லாத கார் கூடச் சட்டப்படி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். நீதான் இன்ஸ்பெக்டர்.

வருஷத்தில் தொடங்கு. 2012 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லாக் காரிலும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கட்டாயம் ஆனது. அதற்கு முந்தியது வேண்டாம். கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தாலும் பரவாயில்லை. இன்ஜினுக்கு வைத்தியம் உண்டு, கரைந்த சேசிஸுக்குக் கிடையாது. பனியும் உப்பும் அதிகம் இல்லாத டெக்சாஸ், அரிசோனா பக்கத்திலிருந்து வந்த கார் என்று பேப்பரில் இருந்தால் இரண்டு காசு கூடக் கொடுத்தாலும் தகும்.

பகலில், தரை காய்ந்திருக்கும்போது போ. பனி மூடிய காரை வாங்காதே. ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய ஒரு சின்ன காந்தம், விரிக்க ஒரு கோணி, இவ்வளவு போதும். கோணியை விரித்து அடியில் தலையை விட்டுப் பார். சைலன்சர், சஸ்பென்ஷன் கைகள் மேலெல்லாம் செம்பட்டைத் துரு இருக்கும். அது தோல் துரு, பயப்படாதே. நீ தேட வேண்டியது அடுக்கடுக்காக உரியும் துருவை. ஜாக்கி வைக்கும் இடம், சில் பெட்டி, பின் சக்கர வளைவு, இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃபிரேம் சட்டம், சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம், சீட் பெல்ட் தரையில் பிடிக்கும் இடம். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டு. கணீர் என்றால் தகடு இருக்கிறது. சொத சொத என்றால் இல்லை. முனையால் அழுத்தும்போது உள்ளே போனால் பேசாமல் எழுந்து வந்துவிடு. விற்கிறவர் தட்ட விடவில்லை என்றாலும் எழுந்து வந்துவிடு.

காந்தத்தைக் கதவின் கீழ் ஓரத்திலும் சக்கர வளைவிலும் ஓட்டிப் பார். ஒட்டாத இடத்தில் பட்டி வைத்து மெழுகியிருக்கிறார்கள். அடி முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்த பழைய கார் என்றால் எனக்குச் சந்தேகம்தான். நல்ல தகட்டுக்கு விற்கிற அன்று பூச்சு எதற்கு?

இந்தப் பதிலில் எதை மறந்தாலும் பிரேக் பைப்பை மறக்காதே. பெடலிலிருந்து சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் இரும்புக் குழாய், பென்சில் கனம்கூட இருக்காது. உப்பு அதைத்தான் முதலில் தின்னும். அழுத்தி மிதிக்கிற நாளில்தான் அது வெடிக்கும், அதாவது அவசரமாக நிறுத்த வேண்டிய நாளில். இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் மிதித்து அரை நிமிஷம் பிடி. பெடல் கொஞ்சமும் கீழே இறங்கக் கூடாது. பிறகு குழாய் நெடுகப் பார். கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தால், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல், அல்லது விட்டுவிடு. மிசிசாகா பட்டறையில் நான் பார்த்த பழைய கார்களில் அடிக்கடி மாற்றியது இந்தக் குழாயைத்தான். அங்கே பலர் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடுகிறார்கள். அது துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம். மாற்றுவதானால் அதையே கேள்.

தரையில் ஓட்டை, சைலன்சரில் ஓட்டை இரண்டும் சேர்ந்த கார் ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிருக்குக் கண்ணாடி ஏற்றி ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பாய், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இரவில் பனி குவிந்திருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் சைலன்சர் வாயைத் தோண்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இதை நீ மட்டும் தெரிந்துவைத்தால் போதாது, கூடத் தங்கும் பிள்ளைகளுக்கும் சொல்.

வாங்கிய பிறகு: பேட்டரியைச் சோதித்துக்கொள், மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கூலன்ட் தண்ணீர் பாதி, எத்திலீன் கிளைகால் பாதி இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. நம் ஊரில் செய்கிற மாதிரி ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் விட்டால், உறைந்து விரிந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். கண்ணாடியில் படிந்த பனிக்கு வெந்நீர் ஊற்றாதே. டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதே. ஒரு கம்பளி, சின்ன மண்வெட்டி, கொஞ்சம் மணல், பேட்டரி கேபிள் டிக்கியில் கிடக்கட்டும். டயரைப் பற்றி மேலே ஆச்சிக்குச் சொன்னது உனக்கும்தான். இரண்டாயிரம் டாலர் காருக்கு அறுநூறு டாலர் டயரா என்று யோசிக்காதே. பெயிண்ட் எப்படி இருந்தால் என்ன, டயரும் பிரேக்கும் வைப்பரும் ஹீட்டரும் நன்றாக இருந்தால் அது நல்ல பனிக்கார்.

புதுவயலிலிருந்து ஒரு வாசகர்: காரில் மாட்டினால் துருவே வராது என்று ஒரு மின்சாரப் பெட்டி ஆன்லைனில் விற்கிறார்கள். கப்பலுக்கு இதே முறைதானாம். வாங்கி மகனுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் மின்சாரத்தால் துருவைத் தடுப்பது உண்மைதான், நல்ல முறைதான். ஆனால் கப்பல் முழுக்கக் கடல் நீரில் நிற்கிறது, குழாய் முழுக்க ஈர மண்ணில் கிடக்கிறது. மின்சாரம் சுற்றி வர அந்த நீர்தான் வழி. காரைச் சுற்றிக் காற்றுதான் இருக்கிறது. இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு நனைந்த இடத்துக்குப் பெட்டியின் மின்சாரம் எப்படிப் போய்ச் சேரும்?

இந்தப் பாடத்துக்கு நாம் வெளியூர் போக வேண்டியதே இல்லை. காரைக்குடியிலேயே நம் சிக்ரி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அங்கே நடக்கும் ஆராய்ச்சியில் உலோக அரிமானம் முக்கியமான பிரிவு. துருவை ஆராயும் ஆய்வகத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு நாம் இப்படிப் பெட்டிக்குப் பணம் கட்டக் கூடாது. அந்தக் காசில் மகன் இரண்டு வருஷம் எண்ணெய் அடித்துக்கொள்ளலாம்.

தொண்டியிலிருந்து மினி வேன் ஓட்டும் அன்பர்: மீன் ஏற்றுகிறேன். வாங்கி மூன்று வருஷத்தில் தொட்டித் தரை ஓட்டையாகிவிட்டது, சேசிஸிலும் துரு ஏறுகிறது. வாட்டர் சர்வீஸ் விட்டதும் வேஸ்ட் ஆயில் அடிக்கிறேன். ஆனாலும் நிற்கவில்லை.

அண்ணே, உங்கள் வண்டி படுகிற பாடு டொராண்டோ காரைவிடப் பெரியது. பெயிண்ட் கம்பெனிகள் துருவைச் சோதிக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் 35 டிகிரிச் சூட்டில் 5 சதவீத உப்பு நீரைப் புகையாக விட்டுத் தகட்டைத் தொங்கவிடுவார்கள். சித்திரையில் தொண்டிக் கரையில் வண்டி நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்தப் பெட்டிக்குள் நிறுத்தியதுதான். அதற்கு மேல் ஐஸ் உருகிய மீன் தண்ணீர் வேறு.

வேஸ்ட் ஆயிலை விட்டுவிடுங்கள். இன்ஜினில் ஓடிய எண்ணெயில் அமிலமும் கரியும் சேர்ந்திருக்கும், ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், சொட்டுகிற இடத்து மண்ணும் கெடும். டீசலும் வேண்டாம், அது நாலு நாளில் காய்ந்துவிடும். நம் ஊரில் சர்வீஸ் முடிந்து எண்ணெய் அடிக்கிற வழக்கமும் கனடாக்காரர் செய்வதும் ஒரே யோசனைதான். அவர்கள் ஆவியாகாத, துருத்தடுப்பு மருந்து சேர்த்த எண்ணெயை அடிக்கிறார்கள், காய்ந்த தகட்டில் அடிக்கிறார்கள். நாம் ஈரத்தின் மேலேயே அடித்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடுகிறோம். சர்வீஸ் விட்டதும் ஒரு நாள் வெயிலில் நிறுத்திவிட்டு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்ப்ரேயை அடியுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தண்ணீர் போகும் வழியைச் சரி செய்யுங்கள். மீன் தண்ணீர் தொட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள சந்தில் இறங்கித் தங்குகிறது, அங்கிருந்துதான் எல்லாம். தரைக்கு மேலே ஓரம் மடித்த ஃபைபர் தட்டு ஒன்று செய்து போட்டு, மூலையில் ஒரு ஹோஸ் வைத்து, தண்ணீர் சேசிஸில் படாமல் நேரே கீழே விழும்படி விடுங்கள். ஓட்டை விழுந்த தரைமேல் பிளைவுட் போட்டு மூடுகிற வேலை வேண்டாம், பலகை ஈரத்தைப் பிடித்துவைக்கும். கரைந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவையுங்கள். பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் எரிந்துபோயிருக்கும், அதை அன்றே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எபாக்சி பிரைமர் அடியுங்கள். அப்புறம் லோடு இறக்கிய அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியும் பயனில்லை, குளத்துத் தண்ணீர் தேவலை.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர்: அப்பச்சி வாங்கிய அம்பாசடர் கார் கொட்டகையில் நிற்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வருகிறோம். பிளாஸ்டிக் உறை போட்டு மூடித்தான் வைத்திருக்கிறோம், ஆனாலும் கதவுக்குக் கீழே பொரிந்துவிட்டது.

முதல் வேலையாக அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். அது மழையைத் தடுத்தாலும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளேயே சுற்றவிடுகிறது. கொட்டகைக்குக் கூரை இருக்கும்போது பருத்தித் துணி போதும். மண் தரை என்றால் சிமெண்ட் போடுங்கள், முடியாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் பலகையாவது வையுங்கள். அம்பாசடர் தகடு கனமானது, அதனால் ரொம்ப நாள் தாங்கியிருக்கிறது. ஆனால் இப்போது வரும் கார்களைப் போலத் துத்தநாகம் ஏறியது இல்லை, பெயிண்ட் உரிந்தால் வெறும் இரும்புதான்.

கதவின் கீழ் விளிம்பில் சின்னச் சின்னத் துளை இருக்கும், கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் வெளியே போக. தூசியும் இலையும் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். உள்ளே மிதியடியை எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள், அங்கேயும் பொரிந்திருக்க வாய்ப்பு உண்டு. பொரிந்த இடத்தைச் சுரண்டிப் பளிச்சென்ற தகடு வரும் வரை தேய்த்துவிட்டுத்தான் பிரைமர். துருவின் மேலேயே பட்டி வைக்கிற டிங்கரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் டேங்க்தான் பலர் யோசிக்காத இடம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, இரும்பு டேங்கை உள்ளிருந்து தின்னும். பிறகு அந்தத் தூள் கார்புரேட்டருக்குப் போகும். ஊரை விட்டுக் கிளம்பும்போது பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள், கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

வாட்ச்மேனை விட்டு வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம். இன்ஜின் முழுச் சூடு ஏறாமல் நிறுத்தினால் சைலன்சருக்குள் தண்ணீர் கோத்து அது உள்ளிருந்து உளுத்துப்போகும். பொங்கலுக்கு வரும்போது பேட்டரி மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, பிரேக் ஆயிலைப் பார்த்துக்கொண்டு, திருமயம் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள். அப்படியே வருகிற வழியில் பட்டறைக்கு விடுங்கள், கதவுக்குக் கீழே எவ்வளவு தகடு மிச்சம் இருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.